இடிபடும் முன் ஒரு தர்ம ஆஸ்பத்திரி: செட்டிநாட்டில் இரண்டு மணி நேர நடை

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஓர் ஊரில், நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்த பழைய தர்ம ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடிப்பதற்கு முன்பாக, உள்ளூர் இளைஞர்கள் சிலர் உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கி, சனி, ஞாயிறு காலைகளில் பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆளுக்கு 300 ரூபாய். சிறுவர்களுக்குப் பாதிக் கட்டணம். குழுவுக்குப் பதினைந்து பேர், இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு சிற்றுண்டி. சென்ற சனிக்கிழமை காலை ஏழரை மணிக் குழுவில் நான் போய் வந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளுநராகப் பணிபுரிபவள் என்பதால், கட்டடக் கலையைப் பார்க்க வந்த மற்றவர்களைவிட வேறு கண்ணோடுதான் நான் அந்த இடத்தைப் பார்த்திருப்பேன். இந்த மதிப்புரையைப் படிப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தள்ளிப்போடாமல் போங்கள் என்பதுதான். ஆனால் நடத்துபவர்கள் செய்துவரும் தவறுகளும் உண்டு. அவற்றில் ஒன்று ஆபத்தானது. இன்னொன்று வீடு திரும்பிய பிறகும் என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டடம் நகரத்தார் கட்டியது. பர்மாவில் வட்டித் தொழில் செழித்திருந்த காலத்துப் பணம் என்று வழிகாட்டி சொன்னார். ஓர் ஆண்டையும் சேர்த்தே சொன்னார். வாசல் நிலைக்கு மேல் பதித்திருக்கும் கல்வெட்டில் பல தலைமுறைச் சுண்ணாம்பு ஏறி, எழுத்தின் மேடுபள்ளம்கூடத் தெரியாமல் போயிருக்கிறது. அப்படியிருக்க அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பெரியவர்கள் சொல்லக் கேட்டது என்றார். நேர்மையான பதில்தான். ஆயினும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். காலத்தை ஊகிக்கக் கட்டடத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. நடு வார்டின் கூரையைத் தாங்கும் இரும்பு உத்திரங்களில் இங்கிலாந்தின் டார்மன் லாங் நிறுவனத்தின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கிறது. 1932-இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் அதே நிறுவனம்தான். அந்த உத்திரம் கப்பலேறி, பிறகு மாட்டுவண்டியேறி இந்தச் செம்மண் பூமிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அண்ணாந்து பார்த்தபோது, கூட்டத்தில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு இந்த ஊர்கள் இடம்பெற்றதிலிருந்து, கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வருகிறவர்களின் கண் முழுவதும் வீடுகளின் மேல்தான் இருக்கிறது. அதே பணத்தில், அதே கொத்தனார்களின் கையால் எழுந்த பாடசாலைகளும் ஊரணிகளும் ஆஸ்பத்திரிகளும் எவருடைய பட்டியலிலும் முதலில் வருவதில்லை. இந்த நடையின் முதல் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. வீடு கட்டத் தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரி கட்டினால் எப்படிக் கட்டுவார்கள் என்பதை இங்கே நேராகக் காணலாம். வீட்டின் முகப்பு இங்கே புறநோயாளிகள் உட்காரும் திண்ணையாகியிருக்கிறது. குடும்பம் புழங்கும் உள்கட்டான வளவு இருக்க வேண்டிய இடத்தில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் வார்டுகள். ஆனால் ஒரு மாற்றத்தை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். இந்த இரண்டு மணி நேரத்தில் அவர் சொன்னவற்றுள் மிகச் சிறந்தது அதுதான் என்பேன். செட்டிநாட்டு வீடு உள்நோக்கியது. அதன் வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் முற்றத்திலிருந்து வருபவை. இந்த ஆஸ்பத்திரியில் முற்றமும் உண்டு, வெளிச்சுவர் நெடுகச் சன்னல்களும் உண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு சன்னல், அதற்கு நேர் எதிரே முற்றத்தைப் பார்த்து ஒரு கதவு, கூரையை ஒட்டி வெப்பக்காற்று வெளியேற ஒரு வட்டத் திறப்பு. கட்டில்கள் இல்லை, அவற்றின் இரும்புக் கால்கள் தரையில் பதித்த துருக்கறைகளை எண்ணினால் வரிசைக்குப் பன்னிரண்டு வருகிறது.

வெளியே நடந்தே வியர்த்திருந்த எனக்கு, வார்டுக்குள் காலை வைத்ததும் உடம்பு தணிந்தது. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டது: நெருக்கமாகப் பரப்பிய தேக்குச் சட்டங்களின்மேல் செங்கற்களைச் சாய்வாகக் குத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்த தளம். ஒரு மூலையில் அது சரிந்து விழுந்திருப்பதால், அடுக்கடுக்காக உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பாடப் புத்தகப் படம் போலப் பார்க்க முடிகிறது. சுவர்ப்பூச்சு செட்டிநாட்டுக்கே உரிய சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பைக் கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் விட்டு அரைத்து, பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். விரல் வைத்துப் பார்த்தேன். பீங்கானைத் தொட்டது போல வழுவழுப்பாக இருந்தது. அழகுக்காகச் செய்தது என்றுதான் வழிகாட்டி சொன்னார். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் சுவர் வழுவழுப்பாக இருந்தால் தூசி தங்காது, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூசியிருப்பதைப் பார்த்தால், மூலையில் அழுக்கு சேரக்கூடாது என்று கட்டியவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவருக்கே தெரிந்திருக்கிறது.

மருந்து வருவதற்கு முன்னால் காற்றும் வெயிலும்தான் மருந்து. மேற்கு ஓரத்தில் மற்ற வார்டுகளோடு ஒட்டாமல் நீண்டிருக்கும் ஒரு தாழ்வாரத்தைக் காட்டி, அது சயரோகக்காரர்களை, அதாவது காசநோயாளிகளைப் படுக்க வைத்த இடம் என்றார்கள். மூன்று பக்கமும் திறப்பு, மேலே ஓடு. அந்தக் காலத்துச் சிகிச்சையே அதுதான். 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியமும் அதே நம்பிக்கையில் எழுந்தது. காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாடிக் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். அது நம் ஊர்களை எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே நோயாளிகள் குணமடைகிறார்கள் என்பதை உலகத்துக்குக் காட்டியது, 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். அந்த முடிவுகள் 1959-இல் வெளியாயின. அதன் பிறகுதான் இப்படிப்பட்ட தாழ்வாரங்களுக்கு உலகெங்கும் வேலை குறைந்தது. இதை வழிகாட்டி சொல்லவில்லை. ஆஸ்பத்திரியைக் காட்டுகிறவர்கள் மருத்துவ வரலாறு அறிந்த ஒருவரையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. தூண்களைப் பற்றி அவ்வளவு நுட்பமாகப் பேசுகிறவர், தாழ்வாரத்தை இரண்டே வாக்கியத்தில் கடந்துவிட்டார்.

அடுத்தது டிஸ்பென்சரி. இந்த ஓர் அறைக்காக மட்டுமே நான் 300 ரூபாய் கொடுப்பேன்.

முகப்பின் இடப்பக்கத்தில், மார்பளவு உயரத்தில் அரைவட்ட வளைவுடன் ஒரு மரச்சன்னல் இருக்கிறது. கம்பவுண்டர் உள்ளே நிற்க, நோயாளி வெளியே நிற்க, மருந்து கைமாறிய இடம் அது. சன்னலின் கீழ்ப்பலகை நடுவில் குழிந்திருக்கிறது. கண்ணாடிப் புட்டிகள் உரசி உரசித் தேய்ந்த பள்ளம். அதில் என் உள்ளங்கை சரியாக உட்கார்ந்தது. இன்றைக்குப் பட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிறவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியாது. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, பெரிய ஜாடிகளிலிருந்து அளந்து, கலந்து, குலுக்கி, நோயாளி வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த காலிப் புட்டியில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஜுரத்துக்கு ஒரு மிக்சர், வயிற்றுப் பொருமலுக்கு ஒரு மிக்சர், இருமலுக்கு ஒன்று. அளவெல்லாம் அவுன்ஸிலும் டிராமிலும் கிரெயினிலும் இருந்தன. நாட்டில் மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. அலமாரியின் இழுப்பறைகளில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய மருந்துப் பெயர்கள் பாதி அழிந்தும் படிக்கும்படி இருக்கின்றன. களிம்பு குழைக்கும் பளிங்குப் பலகை இன்னும் மேடையில் பதிந்திருக்கிறது. அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கறை; கந்தகக் களிம்பாக இருக்கலாம் என்று தோன்றியது. சிரங்குக்கு ஊரே அதைத்தான் பூசிக்கொண்டிருந்தது.

அந்த அறையில் இரண்டு பொருள்களின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். ஒன்று, பூட்டுப் போட்ட சிறிய அலமாரியின் அடித்தட்டில் கிடந்த அறுகோணக் குப்பி. கரும்பச்சைக் கண்ணாடி; மூன்று பக்கங்கள் வழுவழுப்பாகவும் மூன்று பக்கங்கள் வரிவரியாக மேடு வைத்தும் வார்த்தது. நச்சு மருந்துக்கான குப்பி அது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், அல்லது விளக்கே இல்லாத இரவில் அவசரத்துக்குக் கை நீட்டினால், எடுத்தது குடிக்கும் மருந்தல்ல என்பதை விரலே சொல்லிவிட வேண்டும் என்று செய்த ஏற்பாடு. படித்துப் பார்த்துத்தான் ஆபத்தை உணர வேண்டும் என்ற நிலையை அந்தக் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே நிறப் பட்டையில் ஒரே அளவு எழுத்தில் வரும் இன்றைய மருந்துகளைத் தினமும் பிரித்துப் பிரித்து வைக்கும் எனக்கு, அந்தக் குப்பியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இன்னொன்று, சன்னலின் பின்னால் இருந்த ஒரு மிக்சர் புட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும்: காகிதத்தை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, பல மடிப்பாக மடித்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு சாய்வெட்டுப் போட்டுப் பிரித்தால், சம இடைவெளியில் பற்கள் விழும். மாவுப் பசையால் அதைப் புட்டியில் ஒட்டிவிட்டால், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர், கடிகாரம் பார்க்காதவர், அவுன்ஸ் கிளாஸ் இல்லாதவர், எவரானாலும் அளவு தவறாது. "காலையில ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு" என்று சொல்லிக் கொடுத்தால் போதும். இந்தப் புட்டியின் காகிதத்தில் ஆறு பற்கள். இரண்டு நாள் மருந்து. மூன்றாவது பல்லுக்குச் சற்றுக் கீழே மருந்து காய்ந்து பழுப்பு வளையமாகப் படிந்திருந்தது. முதல் நாள் குடித்ததோடு யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். குணமாகிவிட்டதா, கசப்பாக இருந்ததா, வேறு ஏதாவதா என்பதை அந்தப் புட்டி சொல்லாது.

பிரசவ அறைக்கு வந்தபோது, எங்களோடு ஒரு மூதாட்டி சேர்ந்துகொண்டார். பின்தெருவில் வசிப்பவர், இங்கே ஆயாவாக வேலை பார்த்தவர். அமைப்பாளர்கள் சனிக்கிழமைகளில் அவரை அழைத்து வருகிறார்கள். அதுவரை பேசிவந்த வழிகாட்டி ஒதுங்கி நின்று அவரைப் பேசவிட்டது அந்த இளைஞருடைய நல்ல பண்பு. மூதாட்டி நேராக வடகிழக்கு மூலைக்குப் போய், சுவரோடு கட்டிய சிமெண்டுத் தொட்டியின் விளிம்பைத் தடவினார். "இந்தத் தொட்டியிலதான் ஆத்தா, எத்தனை பிள்ளையக் கழுவி எடுத்திருப்பேன், கணக்கே கெடையாது" என்றார். வெந்நீர் அடுப்பு எங்கிருந்தது, கொதிக்க வைத்த துணி எந்தக் கொடியில் காயும், இரவில் வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு எந்தக் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். டாக்டரம்மா கையைக் கழுவிவிட்டு, "பார்த்துக்கோ, நீயும் இப்படித்தான் கழுவணும்" என்று முழங்கை வரை சோப்புப் போடக் கற்றுக்கொடுத்ததைச் செய்தே காட்டினார். வெறும் கையில், தண்ணீர் இல்லாமல், விரல் இடுக்கு ஒன்றுகூட விடாமல். பிரசவக் காய்ச்சலுக்கு சல்ஃபா மருந்து உலகத்துக்கே 1935-க்குப் பிறகுதான் கிடைத்தது. நம் நாட்டிலேயே பெனிசிலின் தயாரிக்க அரசு நிறுவனம் உருவானது 1954-இல். அதற்கு முன்பும், மருந்து வந்த பிறகும், பெற்றவளைக் காப்பாற்றியதில் அந்தக் கை கழுவலுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912-இல். அவருக்குப் பின் வந்த பெண் டாக்டர்கள் இப்படிப்பட்ட சிறிய ஊர்களில் என்ன செய்தார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. இந்த மூதாட்டியைப் போன்றவர்களின் கையில்தான் அது மிஞ்சியிருக்கிறது.

அறுவை அறையில் பார்க்க அதிகம் இல்லை. வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னலும், விளக்கு தொங்கிய கொக்கியும் மட்டும். மாடிக்குப் போக அனுமதி இல்லை. சட்டங்களைக் கரையான் தின்றிருப்பதால் அது சரியான முடிவுதான்.

இனி என் முறையீடுகள்.

டாக்டர் அறைக்கு எதிரே இருந்த சிறிய அறையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அதன் கண்ணாடிக் குழாய் உடைந்திருந்தது. எங்கள் குழுவில் வந்த பத்து வயதுப் பையன் தரையில் குனிந்து, "அப்பா, வெள்ளி உருண்டை!" என்று கத்தினான். அந்த அறையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள்; கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கல்லின் சிவப்புப் பூவிதழ் நடுவில், பாதரசம் குண்டூசித் தலை அளவு முத்துகளாக உருண்டு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான வரியில் கோத்து நின்றது. பார்க்க அத்தனை அழகாக இருந்ததுதான் ஆபத்து. பையனின் விரல் படுவதற்குள் அவன் கையைப் பிடித்துவிட்டேன். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி நுரையீரல் வழியாக உடம்பில் ஏறி நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும். குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம். விளக்குமாற்றால் பெருக்கினால் இன்னும் பொடிப்பொடியாக உடைந்து பரவும். ஆட்களை வெளியேற்றி, சன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, தண்ணீர் உள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அமைப்பாளர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. தெரியாதது குற்றமில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குள் ஆட்களை அழைத்துப் போகிறவர்கள், ஒருமுறையாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிவந்து அறை அறையாகக் காட்டியிருக்க வேண்டும். ஊசிகள், உடைந்த ஆம்பூல்கள், வௌவால் எச்சம் எல்லாம் அங்கே இருக்கின்றன. தலைக்கவசம் கொடுத்தார்கள், முகக்கவசம் கொடுக்கவில்லை. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், அந்தத் தூசியில் நான் முகக்கவசத்தைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, எக்ஸ்ரே படங்கள். இருட்டறையின் மூலையில் குவிந்து கிடந்த பழைய படங்களை, நினைவுப் பொருளாக ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சிலர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். படத்தின் ஓரத்தில் பெயரும் வயதும் இருக்கிறது. யாரோ ஒருவருடைய நெஞ்சு அது, யாரோ ஒருவருடைய இடுப்பெலும்பு. இன்றும் அவர் இந்த ஊரில் இருக்கலாம். அவருடைய பேரன் இந்தக் குழுவிலேயே வந்திருக்கலாம். நான் எடுக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்களிடமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெரும்பாலானோர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. அலுவலக அறையில், சரிந்த அலமாரிக்குக் கீழே, பிரசவப் பதிவேடுகள் தரையில் கிடந்தன. வந்தவர்கள் அவற்றைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் திறந்தேன். தேதி, நேரம், தாயின் பெயர், ஊர், ஆணா பெண்ணா, எடை என்று கட்டம் போட்டு, கோணாமல் எழுதிய கையெழுத்து. கரையான் இடப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. பெயர்கள் போய்விட்டன; ஊர்கள் பாதி போய்விட்டன; வலக்கோடியில் இருந்த எடைகள் மட்டும் பக்கம் பக்கமாக அப்படியே நிற்கின்றன. ஆறு பவுண்டு, ஐந்தே முக்கால் பவுண்டு, ஏழு பவுண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முன் பிறந்தவர்களில் எத்தனையோ பேர், பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் கைபிசைந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் சிலருக்கு இந்த உலகத்திலேயே ஒரே சான்று, நாங்கள் தாண்டி நடந்த அந்தக் காகிதமாக இருக்கக்கூடும்.

"யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியலக்கா. கான்ட்ராக்டர் பழைய பேப்பர் கணக்குல எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றார் பொறுப்பாளர். இந்த மண்ணில் இந்தப் பதிலைக் கேட்க எனக்கு மிகவும் வலித்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா வாழ்ந்தார். மற்றவர்கள் கழித்துப் போட்ட புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின், அந்தச் சேகரம்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது. பழைய காகிதத்தின் அருமையை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அந்த நூலகத்துக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ முதலில் எழுதிக் கேளுங்கள் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அதுவரை காய்ந்த இடத்தில், தரையில் படாமல், கரையான் ஏறாத இரும்புப் பெட்டியில் வையுங்கள் என்றும் சொன்னேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிகாட்டியின் தமிழ் தெளிவானது. கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்கிறார். குடிநீர் இருந்தது; கழிப்பறை வசதி பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், சுத்தமாக இருந்தது. இடைவேளையில் கொடுத்த வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் சுடச்சுட வந்தன. முழங்கால் வலி உள்ளவர்கள் முகப்புப் படிகளில் மட்டும் கவனமாக ஏற வேண்டும். உள்ளே எல்லாம் ஒரே தளம். கட்டில்களையும் தள்ளுவண்டிகளையும் நகர்த்துவதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வீடுகளில் தட்டுத் தடுக்கும் உயரமான வாசற்படி இங்கே எந்தக் கதவிலும் இல்லை. புகைப்படம் எடுக்கத் தடை இல்லை.

இடிப்பதைப் பற்றிப் பலர் அங்கே கோபமாகப் பேசினார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கூரையை நேரில் பார்த்த பிறகு, அதற்குக் கீழே இனி நோயாளி எவரையும் படுக்க வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறக்கட்டளைக்கு வருமானம் தந்துவந்த சொத்துகள் பர்மாவில் இருந்தன என்று வழிகாட்டி சொன்னார். 1942-இல் ஜப்பான் படையெடுப்பும், பின்னர் 1960-களில் அங்கே நடந்த தேசியமயமும் நகரத்தாரின் எத்தனையோ தர்மங்களின் அடிவேரை அறுத்தன. இதுவும் அவற்றில் ஒன்றாக இருந்தால் வியப்பில்லை. கதவுகளும் நிலைகளும் தேக்குச் சட்டங்களும் ஏற்கெனவே விலை பேசப்பட்டுவிட்டன. அவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து ஏதேனும் ஓட்டல் வரவேற்பறைக்கோ பெருநகர வீட்டுக்கோ போய்ச் சேரும். அவற்றுக்கு விலை இருக்கிறது, ஆகவே பிழைத்துக்கொள்ளும். டிஸ்பென்சரிச் சன்னலின் குழிந்த பலகையை மட்டும், விற்கும்போது இழைப்புளி போட்டுச் சமப்படுத்திவிடாதீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். பதிவேடுகளை எடுத்து ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, தம் வீட்டு மச்சில் ஏற்றியிருக்கிறார். எக்ஸ்ரே படங்களையும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை. பாதரசம் சிந்திய அறையைப் பூட்டியாகிவிட்டது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு மூன்றே நாளில் செய்துகாட்டிய பிள்ளைகளுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. முகக்கவசம் கொடுக்கத் தொடங்கினார்களா என்பதைப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கையோடு ஒன்று கொண்டுபோங்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி அவசியம்.

இன்னும் இரண்டு வாரம்தான் நடை உண்டு என்கிறார்கள். முன்பதிவு செய்யும்போது ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, சனிக்கிழமை முதல் குழுவையே கேட்டு வாங்குங்கள். எட்டு மணிக்குக் கிழக்குச் சன்னல்களின் வெயில் வார்டு முழுவதும் கட்டில் கட்டிலாக விழுந்திருக்கும். அதோடு, அந்த மூதாட்டி சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்.